மின்மடலில் உருமாறும் எழுத்து

அயல்நாட்டில் வாழும் உறவினரிடமிருந்து வந்த மின்மடலைத் திறந்தால், தமிழ் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகள் நிறைந்திருப்பதுண்டு. மடல் பாழாயிற்று என்று கருதி அதனை உடனே அழித்துவிடுவோரும் உளர். ஆயினும், உருமாறிய மடல்கள் யாவும் அழிந்த மடல்கள் அல்ல. பிழையாகப் படிக்கப்பட்டது எது, உண்மையாகவே இழக்கப்பட்டது எது எனப் பிரித்தறிதலே முதற்கண் வேண்டுவது.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை ஓர் அட்டவணை வகுத்துரைக்கின்றது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி அட்டவணையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்துக்கு அவை போதுமாயின. தமிழுக்கு அங்கு இடமில்லை. 1982ஆம் ஆண்டின் மின்மடல் விதியும் அவ்வட்டவணையையே தழுவியது. ஆகவே, பிறமொழியினர் தத்தமக்கென வெவ்வேறு அட்டவணைகளை ஆக்கிக்கொண்டனர். ஓர் அட்டவணைப்படி எழுதியதை மற்றோர் அட்டவணைப்படி படித்தால் எழுத்து உருமாறாது என் செய்யும்? 1992ஆம் ஆண்டில் வெளிவந்த மைம் என்னும் விதி, எழுதப்பட்ட அட்டவணை இன்னதென மடலின் தலைப்பில் குறிக்க வகைசெய்தது. அக்குறிப்பு விடுபட்டாலும் பிழைபட்டாலும் பழைய குழப்பமே மீளும்.

நோயை அதன் குறிகளால் அறிவதுபோல் இதனையும் அறியலாம். 'அம்மா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோட் முறையின் யூடிஎஃப்-8 வடிவில் அது 15 எண்களாகச் செல்லும். மேலைநாட்டு அட்டவணைப்படி படித்தால், தலைமேற் சாய்கோடு தாங்கிய இலத்தீன் எழுத்தொன்று திரும்பத் திரும்பத் தோன்றும். இங்கு இழப்பு ஏதுமில்லை. மடல் படிக்கும் செயலியில் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் வசதி இருப்பின், யூடிஎஃப்-8ஐத் தெரிந்தால் தமிழ் மீளும். இல்லையேல் வேறொரு செயலியில் திறந்து பார்க்கலாம்.

பாமினி எழுத்துருவில் எழுதிய மடலாயின், அதே சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஆங்கிலக் குறிகளாய்த் தோன்றும். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவி அதனைத் தமிழாக்கித் தரும். வெறுங் கட்டங்கள் மட்டுமே தோன்றினால், பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இல்லாமையே காரணம்.

வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்பதே கவலைக்குரியது. வழியிலோ, வந்த இடத்திலோ ஒரு செயலி தனக்குத் தெரியாத எழுத்தை நீக்கி, அவ்விடத்தில் கேள்விக்குறியை இட்டிருக்கக்கூடும். அவ்வாறு நீங்கியதை எவ்வகை மாற்றமும் மீட்டுத்தராது. அனுப்பியவரிடம் மூலப்படி இருக்கும். அதனை மீண்டும் அனுப்புமாறு கேட்பதே வழி.

ஆகவே, சிதைந்து தோன்றும் மடலை அழித்தலும், வெட்டி ஒட்டிப் பிறருக்கு அனுப்புதலும் ஆகா. வந்தபடியே அதனை வைத்திருத்தல் வேண்டும். காணியுறுதி, மருத்துவக் குறிப்பு போன்ற முக்கிய செய்திகளை அனுப்புவோர், முதலில் ஒரு வரியை யூனிகோடில் எழுதியனுப்பி, அது செவ்வனே சேர்ந்ததா என உறுதிசெய்த பின்னர் ஏனையவற்றை அனுப்புதல் நலம்.