செயலிக்குள்ளே குடியிருப்பது யார்?

(குரோம்பேட்டையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



குரோம்பேட்டை என்கிற பேரே குரோம் லெதர் கம்பெனியால வந்தது. அந்தத் தொழில்ல யாருடைய கை வெந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடுறவங்க மேல்பக்கத்தைப் பார்த்து முடிவுக்கு வரமாட்டாங்க. தடிமனான இடத்துல ஒரு வெட்டுப் போட்டு, குரோம் நடுவரைக்கும் ஏறியிருக்கான்னு நிறத்தை வச்சுப் பார்ப்பாங்க. கைபேசிச் செயலியையும் அப்படி வெட்டிப் பார்க்கணும்.

ஒரு செயலியை ஒரே கம்பெனிதான் எழுதுதுன்னு நினைக்கிறோம். அப்படியில்லை. விளம்பரம் காட்ட ஒருத்தர் நிரல், நம்ம நடமாட்டத்தை எண்ண இன்னொருத்தர் நிரல் என்று வெளியார் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிறாங்க. ஆண்ட்ராய்டில் செயலிக்கு நாம கொடுக்கிற அனுமதி, அதுக்குள்ள இருக்கிற வெளியார் நிரலுக்கும் சேர்த்துத்தான். குடிவந்தவருக்குச் சாவி கொடுத்தா, அவர் கூட்டிவந்த பேர் தெரியாத நாலு பேரும் அதே சாவியில திறக்கலாம்.

2019 ஆகஸ்டில் கேம்ஸ்கேனர் செயலியில் தீய நிரல் இருப்பதை காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்தது. பத்துக் கோடிக்கு மேல் இறக்கப்பட்ட செயலி. நிரல் ஒளிந்திருந்தது விளம்பரத்துக்காகச் சேர்த்த வெளியார் துண்டில். சாதிச் சான்றிதழையும் மார்க் ஷீட்டையும் நம்ம பிள்ளைங்க படமெடுத்து அனுப்பியது இப்படிப்பட்ட செயலிகளில்தான்.

இது கம்ப்யூட்டர்காரங்க பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்கலாம். கடன் செயலிகளை நினைச்சுப் பாருங்க. வங்கி வாசல்ல நிற்க வைக்காதவனுக்கு அஞ்சு நிமிஷத்துல மூவாயிரம் கொடுத்தது. பதிலுக்குத் தொடர்பு எண்களை மொத்தமா எடுத்துக்கிட்டது. தவணை தவறினா சொந்தக்காரங்க, முதலாளி, சிநேகிதி எல்லோருக்கும் அசிங்கமான செய்தி போச்சு. உயிரை விட்டவங்க உண்டு. 2021 ஜனவரியில் சென்னை போலீஸ் இரண்டு சீனர்கள் உள்பட சிலரைக் கைது செய்தது. அதே ஆண்டு ரிசர்வ் வங்கியின் குழு ஏறக்குறைய 1,100 கடன் செயலிகளைப் பார்த்ததில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில்தான் தொடர்பு எண்கள், படக்கோப்புகள், அழைப்புப் பட்டியலைக் கடன் செயலி தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்தது.

நம்ம நாட்டுல முகவரி கேட்பது பாதி சாதி கேட்பதுதான். தெருப் பேரும் தொடர்பு எண்களும் இருப்பிடமும் ஒரே கையில் சேர்ந்தா, நாம சொல்லாமலே நாம யாரென்று தெரிஞ்சுபோகும். சில செயலிகளை நாம தேர்ந்தெடுப்பதும் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்கு வருகைப்பதிவைச் செயலி வழியாத்தான் எடுக்கணும் என்றார்கள். 'பிடிக்கலைன்னா நீக்கிடு' என்ற பேச்சு அங்கே செல்லாது.

கண்டுபிடிக்கும் வழிக்கு வருவோம். முதல்ல அனுமதிகளைப் பாருங்க. டார்ச் விளக்குக்குத் தொடர்பு எண்கள் எதுக்கு? ஆண்ட்ராய்டு 12க்குப் பிறகு வந்த கைபேசிகளில் கேமரா, மைக், இருப்பிடத்தைக் கடைசி 24 மணி நேரத்தில் எந்தச் செயலி தொட்டது என்று அமைப்புகளிலேயே பார்க்கலாம்.

அடுத்து, பிரான்ஸில் எக்ஸோடஸ் பிரைவசி என்ற தன்னார்வ அமைப்பு இருக்கிறது. செயலியின் பேரைக் கொடுத்தா, உள்ளே இருக்கிற கண்காணிப்பு நிரல்களைப் பட்டியல் போட்டுக் காட்டும். காசு கிடையாது.

மூன்றாவது, ஏ.பி.கே. கோப்பு என்பது ஒரு ஜிப் மூட்டைதான். ஜேட்எக்ஸ் என்ற இலவசக் கருவியில் திறந்தா நிரலின் பொதிப்பெயர்கள் தெரியும். செயலிக்காரனுக்குச் சம்பந்தமில்லாத பெயர்கள் இருந்தால் அவை யாருடையவை என்று தேடுங்கள். பேரையெல்லாம் ஏ, பி என்று சுருக்கி மறைப்பவர்களும் உண்டு. நிறுவின பிறகு நிரலை வெளியிலிருந்து இறக்குகிறவர்களும் உண்டு. அப்போ பட்டியல் போதாது. எம்.ஐ.டி.எம். பிராக்ஸி மாதிரிக் கருவி வைத்து, செயலி எந்த முகவரிக்கு என்ன அனுப்புதுன்னு கவனிக்கணும். அதே நேரம், பட்டியலில் பேர் வந்ததாலேயே திருட்டு நிரூபணமாகாது. சாட்சியம் இல்லாமல் யார்மீதும் குற்றம் சாட்டாதீங்க. நம்ம பேச்சின் மதிப்பு போயிடும்.

இங்கே எம்.ஐ.டி.யில் படிக்கிறவங்க இருக்கீங்க. உங்க பகுதியில அதிகம் ஓடுகிற பத்துச் செயலிகளை எடுங்க. வெட்டிப் பாருங்க. கண்டதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, படிப்பகத்தில் ஒட்டுங்க. யாருக்கு நம்ம விவரம் போகிறது, யார் அனுமதித்தார்கள் என்ற இரண்டு கேள்வியையும் அதிகாரிகளிடம் எழுத்தில் கேளுங்க. பதில் எழுத்தில் வரும்வரை விடாதீங்க.