முழு அடைப்பைத் திறப்பது எதற்காக?

தலைமை உரை என்றால் சபையோரைப் புகழ்ந்து விஞ்ஞானத்தின் விந்தைகளை வியந்து நெடுநேரம் பேசுவது சம்பிரதாயம். அதைச் சுருக்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நூற்றுக்கு நூறு அடைபட்டுப்போன இருதய நாளத்தைக் கம்பியும் பலூனும் கொண்டு மருத்துவர்களாகிய நாம் திறப்பது எந்தப் பயனைக் கருதி?

1977 செப்டம்பரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் ஜூரிச் நகரில் முதன்முதலாக ஓர் இருதய நாளத்தைப் பலூனால் விரித்தார். அட்லாண்டாவில் அவரிடம் பயின்று வந்த மாத்யூ சாமுவேல் களரிக்கல், 1986-இல் நம் சென்னை அப்போலோ மருத்துவமனையில் இந்தியாவின் முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். 2025 ஏப்ரலில் காலமான அப்பெரியாரை இச்சபை நன்றியோடு நினைவுகூர்கிறது. அக்காலத்தில் பலூன் நுழையச் சிறிதேனும் இடுக்கு இருந்தால்தான் துணிவார்கள்; முழுதும் அடைபட்டிருந்தால் பெரும்பாலும் பை-பாஸுக்கோ மாத்திரைக்கோ அனுப்பிவிடுவார்கள்.

மூன்று மாதங்களுக்குக் குறையாமல் ஒரு துளி இரத்தமும் ஊடுருவாதிருக்கும் நாளத்தையே நாம் நாள்பட்ட முழு அடைப்பு என்கிறோம். நாளம் அடைபட்டும் அதன் தசை பல சமயம் உயிரோடிருப்பது எங்ஙனம்? தீபாவளிக்கு முந்திய மாலையில் தியாகராய நகரின் உஸ்மான் சாலை ஸ்தம்பித்தால் பக்கத்துச் சந்துகள் வாகனங்களை ஒருவாறு வாங்கிக்கொள்வதுபோல, அடுத்த நாளத்திலிருந்து கிளை நாளங்கள் வளர்ந்து இரத்தத்தைக் கொணர்கின்றன. ஆனால் சந்தின் கொள்ளளவு சந்துக்கு உரியதே. நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குப் போதுமான அவ்விரத்தம், மாம்பலம் ரயில் நிலையத்துப் படியேறும்போது போதாமற்போய், நெஞ்சு இறுகுகிறது அல்லது மூச்சு வாங்குகிறது.

இக்கிளை நாளங்களையே பாதையாக்கிக்கொண்டு, அடைப்பின் பின்புறமிருந்து கம்பியைச் செலுத்தி, முன்புறத்திலிருந்து வரும் பலூன் நாளச் சுவருக்குள் ஏற்படுத்திய இடத்தில் அதைச் சந்திக்கச் செய்யும் உபாயத்தை ஒசாமு கட்டோ முதலிய ஜப்பானிய நிபுணர்கள் வளர்த்தெடுத்தார்கள். அடைப்பின் முகம் மழுங்கியிருத்தல், சுண்ணாம்புப் படிவு, வளைவு, 20 மில்லிமீட்டருக்குக் குறையாத நீளம், முன்பு முயன்று தோற்றிருத்தல் என்னும் ஐந்தையும் எண்ணிச் சிரமத்தை முன்கூட்டியே மதிப்பிடும் அளவுகோலும் 2011-இல் ஜப்பானிலிருந்தே வந்தது. தேர்ந்த கைகளில் இன்று பத்தில் எட்டு ஒன்பது அடைப்புகள் திறக்கின்றன. நாளம் துளைபட்டு இருதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்குதல், சாயத்தால் சிறுநீரகம் நலிதல், நீண்ட நேரக் கதிர்வீச்சு ஆகிய அபாயங்களும், சாதாரண ஆஞ்சியோபிளாஸ்டியைவிட மிகுதியாக, உடன் இருக்கின்றன.

திறந்ததனால் ஆயுள் கூடிற்றா என்று கேட்டால் பரீட்சைகள் நமக்கு முகஸ்துதி செய்யவில்லை. ஆசிய நாடுகளில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறுசிகிச்சை ஆகிய நான்கும் சேர்ந்த தொகை, நான்கு ஆண்டு முடிவில், திறந்தவரிடத்தும் மருந்தோடு நின்றவரிடத்தும் 22 சதவீத அளவிலேயே நின்றது. மருந்துப் பிரிவினரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இடையில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு மாறிவிட்டார் என்ற ஆட்சேபம் நியாயமானதே. எனினும் அதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்வது நேர்மையாகாது. இதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஐரோப்பிய ஆராய்ச்சியோ, 396 பேரில், ஓராண்டு கழித்து நெஞ்சுவலி அடியோடு நீங்கியவர்கள் சிகிச்சை பெற்றவரில் 71.6 சதவீதம், மருந்துண்டவரில் 57.8 சதவீதம் என்று கண்டது. நாம் தருவது பெரும்பாலும் இந்த நிவாரணமே, அது அற்பமன்று.

ஆனால் ஆஞ்சியோகிராம் அறைக்கு வெளியே நிற்கும் மகன் நம்மிடம் கேட்பது வேறு: “டாக்டர், கம்பி வெச்சா அப்பாவுக்கு அட்டாக் வராதுல்ல?” களைத்த மாலையில் “வராது” என்று தலையசைத்துவிடுவது எளிது, நம்மிற் சிலர் அவ்வாறே செய்கிறோம் என்பது என் அபிப்பிராயம். மருந்து கொடுத்தும் வலி தீராதவருக்கும், அடைபட்ட நாளத்தின் தசை உயிரோடிருந்து இரத்தத்துக்கு ஏங்குகிறது என்று நிச்சயமாய்த் தெரிந்தவருக்கும் கம்பியை எடுப்போம். சௌக்கியமாய் நடமாடுபவரின் படத்தில் ஒரு நாளம் மறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் எடுப்பதற்கில்லை. செலவையும் எண்ணவேண்டும்: 2017-இல் மத்திய அரசு விதித்த உச்ச விலை ஸ்டென்டுக்கே உரியது, நீண்ட அடைப்புக்கு வேண்டிய பல கம்பிகளுக்கும் நுண்கதீட்டர்களுக்கும் அது பொருந்தவில்லை.

நாட்டில் நடக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிகளைப் பதிவுசெய்யும் தேசியப் பதிவேட்டை உருவாக்க முன்னின்றவரும் மாத்யூ அவர்களே. அதுபோல், தோற்ற முயற்சிகளும் இடம்பெறும் ஒரு பதிவேடு முழு அடைப்புக்கென்றே நம் மாநிலத்தில் வேண்டும். ஆதலால் இன்று நோயாளிச் சரிதங்களை விவரிக்க வரும் நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம்: திறந்த நாளத்தைத் திரையில் காட்டுமுன், கம்பி கடக்காமற்போனவை எத்தனை என்பதையும், ஆறு மாதம் கழித்து அந்நோயாளி எத்தனை படி ஏறுகிறார் என்பதையும் கூறுங்கள். விவரம் இல்லாதவர்கள் இல்லையென்றே சொல்லிவிட்டு மேலே செல்லலாம். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.