துருத்தியும் குல்லாயும்: சித்திரை ஊர்வலத்தில் வேடத்தின் உரிமை



திண்டுக்கல் பேகம்பூர், ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலத்தாலும் அங்குள்ள பள்ளிவாசலாலும் பெயர்பெற்ற பகுதியாகும். 1985-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகும் வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்துள் அடங்கியிருந்தது. ஆதலின் மதுரைச் சித்திரைத் திருவிழா இவ்வட்டார மக்களுக்கு அயலூர் விழா அன்று. அருகிலுள்ள தாடிக்கொம்பிலும் சௌந்தரராசப் பெருமாள் சித்திரை முழுநிலவையொட்டிக் குடகனாற்றில் இறங்குகின்றார். கோடையின் உச்சத்தில் நிகழும் இவ்வூர்வலங்களை உருவாக்குவோர் யாவர் என்பதே இவ்வுரையின் பொருள்.

அழகர்மலையிலிருந்து மதுரை நோக்கி ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் வரும் கள்ளழகர், வழிநெடுக நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் தங்கி, முழுநிலவு நாளில் தங்கக் குதிரையில் வையையில் இறங்குகின்றார். பின்னர்த் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் நீக்கி, இராமராயர் மண்டபத்தில் இரவு முழுவதும் தசாவதாரக் காட்சி அளித்து, பூப்பல்லக்கில் மலைக்குத் திரும்புகின்றார். இங்கு ஒன்று நோக்கத்தக்கது. மலையை விட்டுப் புறப்படும்போதே இறைவன் தன் கோலத்தை மாற்றிக்கொள்கின்றான். கொண்டையும் கடுக்கனும் அணிந்து, வளைதடி ஏந்தி, கள்ளர் வேடத்தில் வருகின்றான். ஊர்வலத்தின் முதல் வேடதாரி இறைவனே எனலாம்.

இறைவன் வேடம் பூண்டு வருவதனால், அவனை எதிர்கொள்வோரும் வேடம் பூணுகின்றனர். பேராசிரியர் தொ. பரமசிவன் 1989-இல் நூலாக வெளிவந்த தம் 'அழகர் கோயில்' ஆய்வில், இவ்வடியவர்களைத் திரியெடுத்து ஆடுவோர், திரியின்றி ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், துருத்திநீர் தெளிப்போர் எனப் பகுத்துக் காட்டுகின்றார். தலையில் சரிகை மின்னும் குல்லாய், இடையில் கச்சை, காலில் சல்லடம், கையில் தீப்பந்தமாகிய திரி அல்லது தோளில் நீர் நிறைந்த தோற்பை. இவையே அவர்தம் அணிகள். கோயிலின் உள்ளே யார் எதனைத் தொடலாம், யார் எங்கு நிற்கலாம் என்பவை பரம்பரை உரிமைகளால் வரையறுக்கப்பட்டவை. தெருவிலோ நேர்த்திக்கடன் ஒன்றே தகுதி. உழவரும் இடையரும் வலையரும் கள்ளரும் அழகரை உறவாகக் கொண்டாடிய வரலாற்றைத் தொ.ப. விரித்துரைக்கின்றார். அவ்வுறவின் கண்கண்ட சான்று இவ்வேடம். உள்ளே நிற்க இடமற்றவன், வேடம் தரித்தவுடன் வெளியே இறைவனின் பரிவாரம் ஆகின்றான்.

இவ்வேடம் எவ்வாறு உருவாகின்றது? வீட்டில் தைத்துக்கொள்வோர் உண்டு. மதுரைப் புதுமண்டபத்துத் தையற்கடைகளில் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டோர் மிகப் பலர். திருமலை நாயக்கர் எழுப்பிய அம்மண்டபத்தில் பல தலைமுறைகளாக ஊசி பிடித்தவர்களுள் இசுலாமியத் தையற்கலைஞர் பலர் இருந்தனர். அண்மை ஆண்டுகளில் அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. துருத்தியோ ஆட்டுத்தோலால் ஆனது. தோலைப் பதப்படுத்தித் தைத்து, குறுகிய வாயில் சிறு குழாய் பொருத்துவர். தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில், அத்தொழிலில் இசுலாமியர் பங்கு எத்தகையது என்பதை எவரும் அறிவர். ஆகவே 'கையால் செய்த வேடம்' என்பது ஒருவன் கையால் மட்டும் செய்ததன்று. வேண்டுதல் ஒருவனுடையது, தையல் இன்னொருவனுடையது, தோல் மற்றொருவனுடையது. அழகர் வண்டியூரில் பெருமாள் கோயிலில் தங்குவதை, துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குவதாக மக்கள் சொல்லிவருவதன் பொருளும் இங்கேதான் விளங்குகின்றது. கதையாக மக்கள் சொன்னதைக் கைகள் தொழிலாகச் செய்துகாட்டின.

கடல் கடந்த நாடுகளிலும் இதற்கு ஒப்புமை உண்டு. இலண்டன் மாநகரின் நாட்டிங் ஹில் பகுதியில் ஆகத்து இறுதியில் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய மக்கள் நடத்தும் ஊர்வலம், 1966-ஆம் ஆண்டின் தெருவிழாவிலிருந்து வளர்ந்தது. அங்கும் குழுக்கள் பல மாதம் கூடியிருந்து தம் வேடங்களைத் தாமே தைக்கின்றன. தமக்கு இடம் தர மறுத்த நகரத்தின் தெருவை, தாம் செய்த ஆடையால் தமதாக்கிக்கொண்டனர் அம்மக்கள். வேடம் தரிப்பது உரிமை கோருதலின் ஒரு வடிவம் என்பதற்கு இதுவும் சான்றாகும்.

இவ்வுரிமைக்கு இன்று நேர்ந்துள்ள இடர் யாது? துருத்தியின் இடத்தில் உயர் அழுத்த விசைக்குழாய் புகுந்துவிட்டது. துருத்திநீரின் வேகத்திற்கு மனிதக் கையின் வலிமையே எல்லை. வெயிலில் வரும் அழகரைக் குளிர்விக்கும் பரிவு அதில் உண்டு. விசைக்குழாய்க்கு அந்த எல்லை இல்லை. அது சிலைக்கும் வாகனத்திற்கும் கூட்டத்திற்கும் தீங்கு செய்யக்கூடியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை இச்சிக்கல் சென்றது. விசைக்குழாய் தவிர்த்து மரபான தோற்பையே பயன்படுத்தப்பட வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. நீதிமன்றம் குழாயைத் தடுக்கலாம். துருத்தி தைப்பவனை அதனால் உருவாக்க இயலாது. விசைக்குழாய்க்கு விரதம் வேண்டியதில்லை, தையற்காரர் வேண்டியதில்லை, தோல் தொழிலாளி வேண்டியதில்லை. பணம் ஒன்றே போதும். இழப்பு அங்கேதான் உள்ளது.

கொரோனாத் தொற்றால் 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகள் அழகர் வையைக்கு வரவில்லை. சடங்குகள் கோயிலுக்குள்ளேயே நிகழ்ந்தன; பூசை குறையவில்லை. ஆயினும் விழா நடந்ததாக மக்கள் மனம் கொள்ளவில்லை. திரியும் குல்லாயும் துருத்தியும் இல்லாத இடத்தில் ஊர்வலம் இல்லை என்பதை அவ்விரண்டு ஆண்டுகள் உணர்த்தின.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. அழகர் விழாவை ஒட்டி வளர்ந்த வர்ணிப்புப் பாடல்கள், பெரும்பாலும் ஏட்டுக் கல்வி மிகாத பாடகர்களால் கட்டப்பட்டவை. குல்லாயைப் போலவே அவையும் வீட்டில் தைக்கப்பட்டவை. அளவு சற்றுப் பிசகலாம். சரிகை சற்று மங்கலாம். ஆயினும் பாடுபவன் தோளுக்கு அவை பொருந்துகின்றன. மலையழகனே தன் கோலம் மாற்றி இறங்கி வரும் தெருவில், இப்பாடல்களுக்கும் இலக்கிய வரலாற்றில் இடம் விடுதல் கற்றோர் கடனாகும்.