குளிர்ந்தவர் எல்லாரும் மரித்தவர் அல்ல

(நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இன்று உங்களுக்கு ஒரு மீட்பின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். அது நம் ஊரில் நடந்ததல்ல. நார்வே நாட்டின் வடபகுதியில், பனிமலையில் நடந்தது. நம்மில் அநேகர் பனிமலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஆனாலும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஓர் இரவாவது விழித்திருந்த எவருக்கும் இந்தக் கதை விளங்கும்.

1999-ம் ஆண்டு மே மாதம் 20-ம் தேதி. மே மாதம் என்றால் நமக்கு அக்கினி நட்சத்திரம். நார்விக் என்னும் ஊரைச் சுற்றியுள்ள மலைகளிலோ அப்போதும் குளிர்காலத்துப் பனி கிடக்கும். அந்த ஊர் மருத்துவமனையில் எலும்பு அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்றுவந்தவர் அன்னா போகென்ஹோல்ம். ஸ்வீடன் நாட்டுப் பெண், வயது 29. மாலையில் உடன் பணிபுரிந்த இரண்டு நண்பர்களோடு பனிச்சறுக்குக்குப் போனார். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நிலை தவறி, உறைந்துபோன ஓர் ஓடையின்மேல் தலைகுப்புற விழுந்தார். பனிக்கட்டி உடைந்தது. தலையும் உடம்பும் உள்ளே போய்விட்டன. மேலே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் கனத்தில் பனிக்கட்டி. உள்ளே பனி உருகி ஓடும் தண்ணீர். சறுக்குப் பலகை மாட்டிய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

நண்பர்கள் இருவரும் ஓடிவந்து கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். இழுத்துப் பார்த்தார்கள்; முடியவில்லை. கைத்தொலைபேசியில் உதவி கேட்டார்கள். அதன்பின் அவர்களால் செய்யக்கூடியது ஒன்றுதான்: தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போகாதபடி விடாமல் பிடித்திருப்பது. பனிக்கட்டிக்குக் கீழே சிறிது காற்று தங்கிய இடம் ஒன்று அன்னாவுக்குக் கிடைத்தது. 40 நிமிடங்கள் அவர் நினைவோடு போராடினார். பிறகு அசைவு நின்றது.

மலையின் மேலிருந்து ஒரு குழுவும் கீழிருந்து ஒரு குழுவும் வந்து சேர்ந்தன. மேலிருந்து வந்தவர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள், பலன் இல்லை. அவர்களிடம் இருந்த பனி அள்ளும் கருவி அந்தக் கட்டியை உடைக்கவில்லை. கீழிருந்து வந்தவர்கள் கூர்மையான ஒரு மண்வெட்டி கொண்டுவந்திருந்தார்கள். தோட்டத்தில் மண் வெட்டுவதற்கான சாதாரணக் கருவி! அதைக் கொண்டே துளை போட்டு அவரை வெளியே எடுத்தார்கள். தண்ணீரில் கிடந்தது மொத்தம் 80 நிமிடங்கள். மூச்சு இல்லை. நாடி இல்லை. நண்பர்கள் இருவரும் மருத்துவம் அறிந்தவர்கள்; தாங்கள் காண்பது என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிமிடமே நெஞ்சை அழுத்தவும் மூச்சுக் கொடுக்கவும் ஆரம்பித்தார்கள்.

அவசர உதவி ஹெலிகாப்டர் அந்நேரம் நோயுற்ற ஒரு குழந்தைக்காகப் புறப்பட்டிருந்தது. நார்விக்கில் பொறுப்பில் இருந்த காவல்துறை அதிகாரி வாதாடி அதைத் திருப்பச் செய்தார். ஒரே உதவி இரண்டு பேருக்குத் தேவைப்படும்போது யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அது லேசான காரியமல்ல. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் அந்தப் பாரத்தை அறிவார்கள்.

ஹெலிகாப்டர் அவரை ஏற்றிக்கொண்டு ட்ரோம்சோ நகரப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பறந்தது. சுமார் ஒரு மணி நேரப் பயணம். அந்த நேரம் முழுவதும் நெஞ்சை அழுத்துவது நிற்கவில்லை. இரவு 9.10-க்கு அங்கே சேர்ந்தபோது அவர் உடம்பின் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ். நம் சரீரத்தின் இயல்பான வெப்பம் 37 என்பதை நினைத்துப் பாருங்கள். இருதயத் துடிப்பைக் காட்டும் கோடு நேர்கோடாக இருந்தது.

அவசரப் பிரிவின் தலைவர் டாக்டர் மாட்ஸ் கில்பெர்ட். குளிரில் உறைந்து வந்தவரைச் சூடாக்கிப் பார்க்காமல் மரித்தவர் என்று சொல்லக் கூடாது என்பது மருத்துவர்களிடையே உள்ள ஒரு விதி. அவர் அந்த விதியைப் பற்றிக்கொண்டார். இருதய நுரையீரல் இயந்திரத்தை இணைத்து, இரத்தத்தை வெளியே எடுத்து, வெப்பமேற்றித் திரும்பவும் உடம்புக்குள் செலுத்தினார்கள். இரவு 10.15-க்கு இருதயம் ஒருமுறை துடித்தது. நள்ளிரவு தாண்டி 12.49-க்கு உடம்பின் வெப்பம் 36.4 டிகிரியை எட்டியது. நூறு பேருக்கு மேற்பட்ட மருத்துவர்களும் செவிலியர்களும் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் முறை மாற்றி உழைத்தார்கள்.

இது எப்படிக் கூடிற்று? மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை கெட்டுப்போகும் என்று நாம் கேட்டிருக்கிறோம். இயல்பான வெப்பத்தில் அது உண்மை. ஆனால் உடம்பின் வெப்பம் ஒரு டிகிரி குறையக் குறைய, மூளைக்கு வேண்டிய பிராணவாயுவின் அளவும் சுமார் 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. அன்னாவின் இருதயம் நிற்கும் முன்பே அவர் மூளை போதுமான அளவு குளிர்ந்திருக்க வேண்டும். அவரைக் கொல்ல வந்த குளிரே அவரைக் காத்தும் வைத்தது.

நண்பர்களே, இந்தக் கதை இங்கே முடிந்துவிட்டதாகச் சிலர் சொல்லுவார்கள். எனக்கோ இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். சுமார் பத்து நாட்களுக்குப் பின் அன்னா விழித்தபோது, கழுத்துக்குக் கீழே ஒன்றையும் அசைக்க முடியவில்லை. ஆயுள் முழுவதும் மல்லாந்து கிடக்க நேரிடுமோ என்று அஞ்சினார். தன்னைக் காப்பாற்றிய நண்பர்கள்மேல் அவருக்குக் கோபம் வந்தது. பிற்பாடு அதற்காக வருந்தினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். "என்னை ஏன் ஐயா பிழைக்க வைத்தீர்கள்?" என்று கேட்டவர்களின் கட்டில் அருகே நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில் பதில் சொல்வதைவிட, எழுந்து போகாமல் இருப்பதே நல்லது.

ஒரு மாதத்துக்கு மேல் செயற்கைச் சுவாசம். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. கைகளில் கொஞ்சம் நரம்புக் கோளாறு தங்கியதே தவிர, மற்றபடி ஏறக்குறைய முழு சுகம் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் வேலைக்குத் திரும்பினார். பின்னாளில், தன்னை உயிர்ப்பித்த அதே ட்ரோம்சோ மருத்துவமனையில் கதிரியக்க மருத்துவராகப் பணி செய்தார். 2000-ம் ஆண்டு ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் இந்தச் சிகிச்சையின் விவரம் வெளியாயிற்று.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1985 முதல் 1998 வரை, குளிரில் இருதயம் நின்று அந்த மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கும் இப்படியே இயந்திரத்தை வைத்துச் சூடேற்றிப் பார்த்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள்! "இத்தனை செலவு எதற்கு?" என்று யாராவது கேட்டிருந்தால், காட்டுவதற்கு ஒரு முகமும் இருந்திராது. 1999-க்கும் 2013-க்கும் இடையில் வந்த 24 பேரில் 9 பேர் பிழைத்தார்கள். இந்தக் கணக்கை 2014-ல் எழுதி வெளியிட்டவர்களில் ஒருவர் டாக்டர் டோர்விண்ட் நேஸ்ஹைம். அவர் யார் தெரியுமா? ஓடையின் கரையில் அன்னாவின் காலைப் பிடித்திருந்த இரண்டு நண்பர்களில் ஒருவர்.

கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய நான்கு பேரை நாம் ஆலயத்தில் அநேகந்தரம் கேட்டிருக்கிறோம். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. மண்வெட்டி கொண்டுவந்தவர்களின் பெயரையும் பெரும்பாலோர் கேட்டிருக்கமாட்டோம். ஹெலிகாப்டர் படம் செய்தித்தாளில் வரும். ஆனால் அது வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த கைகள் ஓய்ந்திருந்தால், ஹெலிகாப்டர் ஒரு பிரேதத்தைத்தான் சுமந்து போயிருக்கும்.

இப்போது என் சொந்தத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ளுகிறேன். முப்பது வருடங்களுக்கு முன், நான் இளம் போதகனாயிருந்த நாட்களில், தரையில் படுத்துறங்கிய ஒரு கூலித் தொழிலாளியைக் கட்டுவிரியன் கடித்து, ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணிமை திறக்கவில்லை, கருவிழி வெளிச்சத்துக்கு அசையவில்லை, கை கால் துவண்டு கிடந்தது. வென்டிலேட்டர் ஒழியும்வரை உறவினர்கள் முறை வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டில் அருகே நின்று அவர் மனைவியிடம், "அம்மா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு ஒரு வழி பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன். அருகில் இருந்த சிஸ்டர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, அந்த விஷம் உடம்பைத்தான் கட்டிப்போடும். அவருக்குக் காது கேட்கும்" என்றார்கள்.

சில நாட்களில் அவர் கண் திறந்தார். போகும்போது என் கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே, "ஐயா, நீங்க என்னை அனுப்பி வெச்சிட்டீங்க. இவ கை ஓயாம அமுக்கினதாலே இருக்கேன்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வேதபாடமாயிற்று. வேதசாஸ்திரக் கல்லூரியில் மரிக்கிறவர்களுக்கு ஆறுதல் சொல்லக் கற்றுக்கொண்டேன். யார் மரிக்கிறார்கள் என்று முந்திக்கொண்டு தீர்மானிக்கக் கூடாது என்பதை அந்த வார்டில்தான் கற்றுக்கொண்டேன்.

எல்லாரும் பிழைப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ட்ரோம்சோவில் 24 பேரில் 15 பேர் பிழைக்கவில்லை. உடம்பு சூடேறிய பின்னும் இருதயம் திரும்பாவிட்டால் கைகளை எடுத்துவிட வேண்டியதுதான். அதையும் மரியாதையோடு செய்ய வேண்டும். ஆனால் அந்த வேளை வருமுன் எடுத்துவிடக் கூடாது. 2019 நவம்பரில் ஸ்பெயின் நாட்டுப் பிரனீஸ் மலையில் நடைப்பயணம் போன ஒரு பெண் பனிப்புயலில் சிக்கினார். ஹெலிகாப்டரில் மீட்டபோது உடம்பின் வெப்பம் 18 டிகிரி. பார்சிலோனா மருத்துவமனையில் ஆறு மணி நேரத்துக்குப் பின் அவர் இருதயம் துடித்தது. முன்னே உழைத்தவர்களின் விடாமுயற்சி இப்படி நாடு கடந்து பலன் தந்தது.

பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையில் பிழைத்தவரின் முகம் சில நேரம் உங்களுக்குத் தெரியும். பல நேரம் தெரியாது. பிழைக்காதவருக்காகச் செலவானதும் வீணல்ல. அடுத்து வருகிறவருக்காகக் கைகள் பழகிக்கொள்ளுகின்றன.

தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.