முதல் வேலையும் முன் அனுபவமும்



பட்டம் பெற்று வேலை கேட்டுச் செல்லும் நம் பிள்ளைகளிடம், "முன் அனுபவம் உண்டா?" என்று வினவுகிறார்கள். காவிரியில் இறங்கவே விடாமல், நீந்தத் தெரியுமா என்று கேட்பது போன்றதன்றோ இது?

பக்கத்துக் கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜன், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் எழுத்தரானார். அவரிடம் பட்டம் இல்லை. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் இருந்தது. நம் பிள்ளைகளிடம் பட்டம் இருக்கிறது, கடிதம் இல்லை. நாற்றங்காலிலும் களத்துமேட்டிலும் உழைத்த பெற்றோருக்கு எந்த அதிகாரியைத் தெரியும்?

அக்கடிதத்தின் இடத்தில் சட்டத்தை வைத்துப் பாருங்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் உதவித்தொகையுடன் பயிற்சிக்கு வழிசெய்கிறது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம், குறிப்பிட்ட தொழில்களின் பயிற்சி இடங்களில் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு இடஒதுக்கீடு செய்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. அப்பயிற்சியே நாளை நீங்கள் காட்டும் அனுபவம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில், இளநிலை உதவியாளர் பணிக்கு முன் அனுபவம் கேட்பதில்லை.

நம் சுவாமிமலைப் பட்டறைகளில் மெழுகில் கை பழகிய பிறகே உலோகம் வார்க்கிறார்கள். பயிற்சியை இழிவென்று எண்ணாதீர்கள்.

இன்று பணியில் இருக்கும் உறுப்பினர்களே! ஒவ்வொருவரும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுங்கள். நமக்கு எவரும் தராத பரிந்துரைக் கடிதமாக நாமே நிற்போம்.