சிதறிய ஓசையும் சிதையாத தாளமும்

இசைத்தட்டில் கீறல் விழுந்துவிட்டால் ஊசி ஒரே தடத்தில் சுழன்று, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். நாம் அதைப் பழுதென்று கருதி ஊசியை நகர்த்தி வைப்போம். அப்பழுதையே இசைக்குரிய பொருளாகக் கண்டவர், பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர். இரயில் வண்டிகளின் ஓசையை இசைத்தட்டுகளில் பதிந்து, துண்டு துண்டாகச் சேர்த்து, 1948ஆம் ஆண்டில் அவர் ஓர் இசைப் படைப்பை ஒலிபரப்பினார். 1990களில் ஜெர்மனியின் ஓவல் குழுவினர், குறுந்தகட்டின் மீது மையால் கோடிட்டு, கருவி தடுமாறும் ஓசையையே தங்கள் இசையில் சேர்த்துக்கொண்டனர்.

இன்று இவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது. அது எவ்வாறு என்று காண்போம். பதிவுசெய்த முரசொலி ஒன்றை அடிக்கு ஒரு துண்டாக வெட்டுகிறார்கள். பிறகு அத்துண்டுகளை இடம் மாற்றியும், பின்னோக்கி ஒலிக்கச் செய்தும், இடையிடையே மௌனம் வைத்தும் புதிதாகக் கோக்கிறார்கள்.

நிமிடத்திற்கு 150 தட்டுகள் கொண்ட வேகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு 400 மில்லி விநாடி ஆகும். அதை நான்காகப் பகுத்தால் 100. மீண்டும் நான்காகப் பகுத்தால் 25. 100 மில்லி விநாடித் துண்டை அடுக்கி ஒலித்தால், விநாடிக்கு 10 அடிகள் தனித்தனியே கேட்கும். 25 மில்லி விநாடித் துண்டாயின் விநாடிக்கு 40 அடிகள். அப்போது அடிகள் ஒன்றாய்க் கலந்து, தாழ்ந்த ரீங்காரமாகிய ஒரு சுருதி பிறக்கிறது. துண்டை மேலும் பாதியாக்கினால் அச்சுருதி ஒரு ஸ்தாயி உயர்கிறது. தாளமே சுருதியாக மாறும் இவ்விந்தைதான் இக்கலையின் உயிர்நிலை எனலாம்.

ஆயினும் எல்லாவற்றையும் சிதைத்துவிட்டால் எஞ்சுவது இரைச்சலே. ஆகவே, கைதேர்ந்தவர்கள் சுற்றின் முதல் அடியைப் பெரும்பாலும் அசைப்பதில்லை. மூன்று சுற்றுகளை ஓரளவு நேராக ஓடவிட்டு, நான்காவதன் இறுதியில் மட்டுமே முழுச் சிக்கலையும் வைப்பார்கள். மிருதங்க வித்துவான் எங்கெங்கோ சென்று சமத்தில் வந்து இறங்கும்போது நாம் அடையும் நிறைவு இங்கும் உண்டு. திரும்பி வரும் இடம் தெரிந்தால்தான் விலகிச் சென்றதில் சுவை பிறக்கும்.

இங்கே நாம் மறக்கலாகாத மனிதர் ஒருவர் உண்டு. 1969இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ என்ற இசைத்தட்டில், கிரிகரி கோல்மன் ஏறத்தாழ ஏழு விநாடிகள் தனியாக முரசு வாசித்தார். பிற்காலத்தில் இலண்டன் இளைஞர்கள் அத்துண்டை நூறு விதமாக வெட்டி, ஜங்கிள் என்னும் இசைவகையை வளர்த்தனர். ஆயிரக்கணக்கான பாடல்களில் அந்த ஏழு விநாடிகள் ஒலித்தன. ஆனால் அதற்கென உரிமைத்தொகை எதுவும் பெறாமலே கோல்மன் 2006இல் மறைந்தார். 2015இல் இரசிகர்கள் திரட்டிய நன்கொடை, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரின் கைக்குத்தான் சேர்ந்தது.

ஓசையை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும், முதலில் அதை முழுமையாக வாசித்த கை ஒன்று உண்டு. சமத்தை மறந்தால் தாளம் கெடும். அக்கையை மறந்தால் அறம் கெடும். பழுதைக் கலையாக்கக் கற்றுக்கொண்ட நாம், இந்தப் பழுதையும் திருத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.