வீட்டுத் தோட்டத்தில் ஒரு மல்பெரி மரம்
(தோட்டத்து வீட்டுத் தோட்டக் குழுவினரின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் மரக்கறிப் பாத்திகள் பற்றிப் பேசினோம். இன்று ஒரு பழமரம் பற்றிப் பேசுகிறோம். மல்பெரி என்கிறோமே, புத்தகத் தமிழில் முசுக்கட்டை, அதுதான். பலா, ஈரப்பலா, அத்தி எல்லாம் இதற்குச் சொந்தக்காரங்கதான், ஒரே குடும்பம்.

"பலாவையே நடலாமே" என்று கேட்பீர்கள். கீழ்நாட்டுத் தோட்டமென்றால் கட்டாயம் நடுங்கள். ஆனால் நுவரெலியாப் பக்கக் குளிருக்குப் பலா சரியாக வராது. இன்னொன்று, லயத்து வாசலில் இருப்பது ஒரு துண்டு நிலம். தனி வீட்டுத் திட்டங்களில் கிடைப்பதும் 7 பேர்ச்சோ 10 பேர்ச்சோதான். அதில் ஒரு பலா நின்றால் பாத்திக்கு வெயில் விழாது. மல்பெரியை இடுப்பளவில் வெட்டி வைத்துக் கொள்ளலாம்.

"நமக்குச் சொந்தமில்லாத நிலத்துல மரத்தை நட்டு என்னத்துக்கு?" என்றும் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாளை வீடு மாறினால் பலாவை விட்டுட்டுத்தான் போகணும். மல்பெரியில் பத்துக் குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கையோடு கொண்டு போகலாம். மரம் நம்மோடு வரும்.

நடுவது எப்படி? தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர்களுக்கு இது பெரிய வேலையில்லை. நன்றாகக் காய்க்கிற மரத்திலிருந்தே குச்சி எடுங்கள். மல்பெரியில் ஆண் மரமும் உண்டு. அது பூக்கும், காய்க்காது. பென்சில் பருமனில் முற்றிய பழுப்பு வாது நல்லது. 3, 4 மொட்டு இருக்கிற மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இலையை நீக்கி, அடியைச் சரிவாகச் சீவுங்கள். மண், மணல், மக்கிய சாணம் கலந்த பையில் இரண்டு மொட்டு உள்ளே போகும்படி ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். துளிர் முதலில் வரும், வேர் பிறகுதான் வரும். அதனால் பிடுங்கிப் பார்க்கக் கூடாது.

மூன்று நான்கு மாதத்தில், மழை தொடங்கும்போது நிலத்தில் நடலாம். ஒன்றரை அடிக் குழி போதும். தண்ணீர் தேங்கும் இடம் வேண்டாம். உடுப்புக் காயப்போடும் கொடிக்குப் பக்கமும் வேண்டாம். பழக்கறை லேசில் போகாது. மருந்து அடிக்கிற தேயிலை மலை ஓரத்திலும் நடாதீர்கள்.

கவ்வாத்து பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. பழம் முடிந்ததும் மூன்று நான்கு அடியில் வெட்டுங்கள். புதுத் துளிரோடுதான் பூவும் காயும் வரும். வெட்டாமல் விட்டால் மரம் உயரும், பழம் குருவிக்குத்தான். வெட்டிய இலையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல்லோடு கலந்து போடுங்கள்; புரதம் நிறைந்த தீனி அது.

இப்போது முக்கியமான விஷயம். நம் பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு. 100 கிராம் மல்பெரிப் பழத்தில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட 2 மில்லிகிராம், வைட்டமின் சி சுமார் 36 மில்லிகிராம் இருக்கிறது. கீரை, பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி உதவும். ஆனால் சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணி அதைத் தடுக்கும். ஆகவே சாப்பிட்டதும் ஒரு கைப்பிடி பழம், தேத்தண்ணி ஒரு மணி நேரம் கழித்து. மரம் நட்டாச்சு என்று கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பழம் மாத்திரைக்குத் துணைதான்.

பிள்ளைகள் பச்சைக் காயைத் தின்றால் வயிறு கெடும். கறுத்துப் பழுத்ததைக் கழுவிக் கொடுங்கள். பறித்த பழம் ஓரிரு நாளுக்கு மேல் நிற்காது. மிஞ்சினால் சீனி போட்டுக் காய்ச்சி ஜாம் ஆக்கலாம்.

ஒரு வீட்டில் மரம் வளர்ந்துவிட்டால் முழு லயத்துக்கும் குச்சி கிடைக்கும். முதல் கவ்வாத்தில் வெட்டுகிற குச்சியை அடுப்பில் வைக்காமல் அடுத்த காம்பராவுக்குக் கொடுங்கள்.